ஒரு மாதம், எட்டுப் படம், ஒரு பட்டியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில், ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மாதா மாதம் தியேட்டரில் பார்த்த படங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரி எழுதி, நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுப்பது ஆறு வருடப் பழக்கம். அந்தத் தாள் பாம்பன், உச்சிப்புளி, கீழக்கரை, தேவிபட்டினம் என்று கைமாறிப் போகிறது. படித்தவர்கள் என்னைப் பார்க்கும்போது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணத்துக்கு 2025 மே மாதத்தை எடுத்துக்கொள்கிறேன். அந்த மாதம் எட்டுப் படம் பார்த்தேன். ஒரே மாதத்தில் அவ்வளவு பார்த்தது அதுவே முதல் தடவை.

எட்டுப் படம் பார்க்க நேரம் எங்கே கிடைத்தது?

தடைக்காலம். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக அரசு வைத்திருக்கும் தடை. மற்ற மாதங்களில் எங்கள் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கிளம்பி மறுநாள் காலையில் கரைக்கு வரும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. படகு கரைக்கு வருகிற காலையில் கணக்குப் பிள்ளைக்குத் தலை நிமிர நேரமிருக்காது. எடை, ஏலம், ஐஸ், டீசல், ஆள் கூலி என்று மதியம் வரை ஓடும். தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன் மட்டும் கொஞ்சம் வரும். பதினோரு மணிக்கே பேரேட்டை மூடி வைத்துவிடலாம்.

மண்டபத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு ஒரு மணி நேர பஸ் பயணம். மதுரையிலிருந்து ராமேஸ்வரம் வரும் பஸ்கள் ராத்திரியிலும் ஓடுவதால் செகண்ட் ஷோ முடிந்தும் எப்படியாவது வீடு வந்து சேர்ந்துவிடலாம். சாயல்குடி, தொண்டிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு பைக் இருந்தால்தான் செகண்ட் ஷோ. மே மாதம் பார்த்த எட்டும் ராமநாதபுரத்தில்தான்; ஒன்றை மட்டும் மதுரையிலும் பார்த்தேன்.

எதற்கு வரிசை? நன்றாக இருக்கிறது, சுமார் என்று சொன்னால் போதாதா?

இந்தக் கேள்விக்குப் பதில் எனக்குக் கிடைத்தது ஒரு படகு ஓட்டுநரிடமிருந்து. பக்கத்துத் தெரு அண்ணன். தடைக்காலத்தில் அவர் கையில் நேரம் நிறைய இருக்கும், காசு இருக்காது. அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். அதுவும் பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் நோட்டு, சீருடை என்று கரைந்துவிடும். ஒரு தடைக்காலத்தில் என் தாளைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “நாலு படம் நல்லா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு நான் ஒண்ணுக்குத்தான் போக முடியும். எதுக்குப் போகட்டும்?”

அன்றைக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நாலும் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டு ஒரு வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டேன் என்று அப்போது புரிந்தது. அதற்குப் பிறகுதான் வரிசை. முதலிடம் என்று நான் எழுதினால், இரண்டு மாதத்துக்கு ஒரு படம் பார்க்கும் குடும்பம் இதற்குப் போகலாம் என்று அர்த்தம். அந்தப் பொறுப்போடுதான் எழுதுகிறேன்.

மார்க் போடலாமே? ஐந்துக்கு மூன்று, நூறுக்கு ஐம்பது என்று?

மார்க் போடுவது நம் ஊரில் பழைய வழக்கம். ஆனந்த விகடனில் ‘16 வயதினிலே’ படத்துக்கு 62.5 மார்க் கொடுத்ததை இன்றைக்கும் ஆட்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். படம் வந்தது 1977இல். ஒரு பத்திரிகை பல வருடமாக ஒரே கையாக, கஞ்சத்தனமாக மார்க் போட்டு வந்தால் அந்த எண்ணுக்கு ஒரு எடை வரும். தனி ஆளுக்கு அது கஷ்டம். போன மாதம் நான் போட்ட 45க்கும் இந்த மாதம் போட்ட 45க்கும் சம்பந்தம் இருக்காது. ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் சம்பள நாள்.

இறால் தரம் பிரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? கிலோவுக்கு எத்தனை இறால் என்பதுதான் கவுண்ட். 30 கவுண்ட் என்றால் கிலோவுக்கு முப்பது. 40 கவுண்ட் அதைவிடச் சின்னது, விலையும் குறைவு. எங்கள் கம்பெனியில் பிரிக்கும் அக்காக்கள் ஒவ்வொரு இறாலையும் தராசில் வைப்பதில்லை. இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. எது பெரியது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். கடைசியில் கூடையைத் தராசில் வைத்தால் கவுண்ட் சரியாக இருக்கும். எனக்கு அந்த வழிதான் ஒத்துவருகிறது. புதுப் படம் பார்த்ததும் பட்டியலின் நடுவில் இருக்கும் படத்தோடு வைத்துப் பார்ப்பேன். மேலா, கீழா? மேல் என்றால் அதற்கு மேலே உள்ளதோடு. எட்டுப் படத்துக்கு இப்படிச் செய்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று ஒப்பீட்டில் இடம் கிடைத்துவிடும்.

பேய்ப்படத்தையும் குடும்பப் படத்தையும் எப்படி ஒப்பிட முடியும்? நண்டையும் கணவாயையும் ஒரே தட்டில் வைப்பது மாதிரி இல்லையா?

வேறு வேறு சரக்குதான். ஆனால் சமைக்கிற வீட்டில் இன்றைக்கு எதை வாங்குவது என்று ஒரு முடிவு எடுக்கத்தானே வேண்டும். நான் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்வேன். இன்றைக்கு ராத்திரி இந்த இரண்டில் ஒன்றுக்கு மறுபடி பஸ் ஏறிப் போக வேண்டுமென்றால் எதற்குப் போவேன்? அப்புறம், யாரைக் கூட்டிக்கொண்டு போவேன்? முதல் கேள்விக்குப் பதில் சில சமயம் உடனே வராது. இரண்டாவது கேள்வி உதவி செய்யும். மே மாதம் ஒரு பெரிய ஹீரோ படமும் ஒரு மலையாளப் படமும் எனக்குச் சமமாகத் தெரிந்தன. ஹீரோ படத்துக்கு யாரைக் கூட்டிப் போவேன் என்று யோசித்தேன். யார் முகமும் நினைவுக்கு வரவில்லை. மலையாளப் படத்துக்கு நாலு பேர் வந்தார்கள், என் தங்கை உட்பட. மலையாளப் படம் மேலே போனது.

எப்போது எழுதுகிறீர்கள்? வீட்டுக்கு வந்து யோசித்தா?

படம் முடிந்த அன்றைக்கே, பெரும்பாலும் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில். ஒரு தடவை வீட்டுக்கு வந்து காலையில் எழுதலாம் என்று விட்டேன். காலையில் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் சொன்ன கருத்தும், மச்சான் போனில் சொன்ன கருத்தும், என் கருத்தும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. எது என்னுடையது என்று பிரிக்க முடியவில்லை.

என் நோட்டில் ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்கிறார்கள். மே 18 அன்று எழுதியதை அப்படியே தருகிறேன்:

“ஞாயிறு, மேட்னி. பேய்ப்படம். ஏசி பாதி நேரம்தான். முக்கால் அரங்கு. கிணற்றுக் காட்சியில் பின்னால் ஒரு சிறுமி ‘அம்மா, அது பொம்மைம்மா’ என்றாள். அதற்குப் பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. வில்லன் வாயைத் திறந்து கதை சொல்ல ஆரம்பித்ததும் போய்விட்டது. பாட்டு இரண்டும் வேண்டியதில்லை. பெண்ணின் அப்பாவாக வருபவர் சத்தமில்லாமல் அழுகிறார், மூக்கை மட்டும் துடைத்துக்கொள்கிறார். அது உண்மையாக இருந்தது.”

இவ்வளவுதான். கதைச் சுருக்கம் எழுதுவதில்லை. அதைப் படிக்க நூறு இடம் இருக்கிறது. என்ன பார்த்தேன், அப்போது உடம்புக்கு என்ன ஆனது என்பதை எழுதினால் மாதக் கடைசியில் அந்த நாளே திரும்பி வந்துவிடும்.

மூன்று நாள் கழித்து அதே பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி சேர்ப்பேன்: படத்திலிருந்து என்ன மிச்சம் இருக்கிறது? பேய்ப்படத்துக்கு அடியில் “மூக்கைத் துடைக்கும் அப்பா” என்று இருக்கிறது. கிணறு மறந்துவிட்டது. ஒரு நகைச்சுவைப் படத்துக்கு அடியில் எழுத ஒன்றுமே கிடைக்கவில்லை. பார்க்கும்போது வயிறு வலிக்கச் சிரித்த படம் அது. அந்தச் சிரிப்பையும் பொய் என்று நான் ஒதுக்குவதில்லை. “அன்றைக்கு நன்றாகச் சிரித்தேன், மறுநாள் நினைவில்லை” என்று இரண்டையும் எழுதினேன். மனம் சரியில்லாத ஒருவருக்கு அப்படி ஒரு படம்தான் தேவைப்படலாம்.

தியேட்டர் சரியில்லை என்றால் படத்தைக் கீழே இறக்குவீர்களா?

இதில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மே மாதம் இரண்டாவது வாரம் ஒரு கொலை விசாரணைப் படம் பார்த்தேன். படத்தில் பாதி ராத்திரி. திரையில் எனக்குத் தெரிந்தது கறுப்பும் கறுப்பும்தான். யார் ஓடுகிறார்கள், கையில் என்ன இருக்கிறது, ஒன்றும் பிடிபடவில்லை. “இருட்டிலேயே எடுத்திருக்கிறார்கள், ஒளிப்பதிவு மோசம்” என்று எழுதி ஏழாவது இடத்தில் வைத்தேன். ஓட்டுநர் அண்ணனிடமும் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். பத்து நாள் கழித்து மதுரையில் தங்கை வீட்டுக்குப் போனபோது அவள் அதே படத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தாள். சரி என்று போனேன். அதே காட்சி. இப்போது மதில் மேல் ஈரம் தெரிந்தது. ஓடுகிறவன் கையில் இருந்தது கத்தி இல்லை, ஒரு டார்ச். அவன் அதை எரியவிடாமல் ஓடுகிறான் என்பதுதான் அந்தக் காட்சியின் விஷயமே. எனக்கு வெட்கமாகிவிட்டது. படம் மூன்றாம் இடத்துக்கு வந்தது. அண்ணனிடம் போய் நான் சொன்னது தப்பு என்று சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். சாதாரண 2டி படத்துக்குத் திரையின் நடுவிலிருந்து 14 ஃபுட்லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வர வேண்டும் என்பது திரையரங்குகளுக்கான தர அளவு. புரொஜெக்டரில் எரியும் செனான் விளக்கு பழசாக ஆக வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். 3டி படத்துக்குப் போட்ட வடிகட்டியைக் கழற்றாமல் 2டி படம் ஓட்டினாலும் இருட்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி சொல்கிறேன். ராத்திரிக் காட்சியில் கறுப்பு முடியும் பின்னால் இருக்கும் சுவரும் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால், வெளிச்சமான பகல் காட்சியில் வெள்ளைச் சட்டையைப் பாருங்கள். அதுவும் பழுப்பாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் விளக்கில். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் இயக்குநரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

சத்தமும் இப்படித்தான். வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. பாட்டு அதிர்ந்து, பேச்சு மட்டும் வாய்க்குள்ளேயே நின்றால் அந்த நடு ஸ்பீக்கரைச் சந்தேகப்படலாம். விளம்பரம் ரொம்பக் கத்துகிறது என்று மொத்தச் சத்தத்தையும் குறைத்து வைத்துவிட்டு, படம் தொடங்கிய பிறகு ஏற்ற மறந்துபோவதும் நடக்கிறது. இடைவேளையில் போய்ச் சொன்னால் பெரும்பாலான இடங்களில் ஏற்றிவிடுகிறார்கள். சங்கடப்படாமல் சொல்ல வேண்டும். காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறோம்.

இப்போது தாளில் படத்துக்கு ஒரு வரி, தியேட்டருக்குத் தனியே ஒரு வரி. இரண்டையும் கலப்பதில்லை.

இடைவேளை?

நம் படங்களில் இடைவேளைக்கென்றே ஒரு காட்சி எழுதுகிறார்கள். அதைப் படத்தின் பகுதியாகவே மதிப்பிடலாம். ஆங்கிலப் படத்தில் அப்படி இல்லை. மே மாதம் பார்த்த ஆங்கிலப் படத்தை ஒரு ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே வெட்டி லைட்டைப் போட்டார்கள். அதற்குப் படத்தைக் குறை சொல்லக் கூடாது.

நம்ம ஊரைக் காட்டினால் கூடுதல் இடம் உண்டா?

மே 1 அன்று ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வெளியானதிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். தெரியாதவர்களுக்காக: இலங்கையில் பொருளாதார நெருக்கடியில் வாழ முடியாமல் போன ஒரு தமிழ்க் குடும்பம், அப்பா அம்மா இரண்டு மகன்கள், படகில் ராமேஸ்வரம் கரைக்கு வந்து, பிறகு சென்னையில் போய் வாழ்கிறது. சசிகுமாரும் சிம்ரனும் நடித்தது. இயக்கிய அபிஷன் ஜீவிந்துக்கு முதல் படம்.

சென்னைக்காரருக்கு அந்தக் கரை காட்சி ஒரு தொடக்கம். எங்களுக்கு அது அன்றாடம் கேள்விப்படும் செய்தி. 2022 மார்ச்சிலிருந்து அப்படி வந்தவர்கள் பலர். தனுஷ்கோடிப் பக்கம் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் படகு திரும்பிவிடும். கடலோரக் காவல் போலீஸ் வந்து விசாரித்து மண்டபம் முகாமுக்குக் கூட்டி வருவார்கள். அந்த முகாம் வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்களைத் தங்கவைத்த குவாரண்டைன் முகாமாக இருந்த இடம். போனவர்கள் தங்கிய இடத்திலேயே வந்தவர்கள் தங்குகிறார்கள். 2021இலிருந்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர். மண்டபம் கடைத்தெருவில் நின்றால் அவர்கள் தமிழ் காதில் விழும். என் பேரேட்டில் அவர்களில் சிலர் பெயர் இருக்கிறது, கூலிக் கணக்கில்.

ராமநாதபுரத்தில் அந்தப் படத்துக்கு எனக்கு அடுத்த சீட்டில் அறுபது வயது இருக்கும் ஒரு அம்மா, பேரப்பிள்ளைகளோடு. கரையில் குடும்பத்தைப் போலீஸ் பிடிக்கும் இடத்தைப் படம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறது. அரங்கு முழுக்கச் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலேயே, “நாங்கள் வந்த அண்டைக்கு நல்ல மழை, தம்பி” என்றார். அவ்வளவுதான். பிறகு படம் சென்னைக்குப் போனதும் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் சிரித்தார். கடைசிப் பகுதியில் அழுதார். வெளியே வரும்போது, “படம் எப்பிடி அம்மா?” என்று கேட்டேன். “பிள்ளையள் நல்லாச் சிரிச்சவை. அது காணும்” என்றார், அது போதும் என்ற அர்த்தத்தில்.

நோட்டில் எழுத உட்கார்ந்தபோது எனக்கு இரண்டு பயம். நம்ம கரை என்பதற்காகத் தூக்கி வைக்கிறேனா என்று ஒன்று. கரை காட்சி நான் அறிந்த மாதிரி இல்லை என்பதற்காகத் தள்ளுகிறேனா என்று இன்னொன்று. முதல் பயத்தில் அதை இரண்டாம் இடத்தில் வைத்தேன். மூன்றாம் நாள் சிவப்பு மையில் எழுதப் போனால் ஒரு வரிக்குப் பதிலாக ஆறு வரி வந்தது. அதில் ஒன்றுகூடக் கரையைப் பற்றியதில்லை. அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் வாழும் ஒரு காலனியில், ஊர் விட்டு வந்த ஒரு மனிதர் ஒவ்வொரு வீட்டுக்காரரையும் பேச வைப்பதைப் பற்றித்தான் ஆறும். நேர்மையாகப் பார்த்தால் அது முதலிடம். ஊர்ப்பாசத்தால் ஏற்றியதாக யாராவது சொல்வார்களோ என்று இறக்கி வைத்தால் அதுவும் தப்புத்தான். ஏற்றிவிட்டேன். எங்கள் நண்பர் ஒருவர், டீச்சர், இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கரை காட்சியில் இருந்த பயத்தைப் படம் சிரிப்புக்காக விற்றுவிட்டது என்பது அவர் கட்சி. அதையும் தாளில் அவர் பெயரோடு சேர்த்தேன்.

மற்ற ஏழு படத்தின் பெயரை ஏன் சொல்லவில்லை?

சொன்னால் பேச்சு நடிகர்கள் பக்கம் போய்விடும். பட்டியல் தாளில் பெயரெல்லாம் இருக்கிறது. இங்கே எழுதுவது அதைப் போடும் விதத்தைப் பற்றி. வரிசையை மட்டும் சொல்கிறேன்: மலையாளப் படம் இரண்டு, கொலை விசாரணை மூன்று, ஹீரோ படம் நாலு, பேய் ஐந்து, ஆங்கிலச் சண்டைப் படம் ஆறு, நகைச்சுவை ஏழு, காதல் படம் எட்டு.

கடைசி இடம் வந்த படத்தைப் பற்றி எப்படி எழுதுகிறீர்கள்? திட்டி எழுதினால் படிக்கச் சுவையாக இருக்குமே?

சுவையாக இருக்கும். நான் செய்வதில்லை. ஒரு படத்தில் எத்தனை ஆள் உழைப்பு என்று கடைசியில் ஓடும் பெயர்களைப் பார்த்தாலே தெரியும். லைட் பிடித்தவரும் சாப்பாடு போட்டவரும் மோசமாக வேலை செய்யவில்லை. எங்கே கெட்டது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டமான வேலை.

காதல் படத்துக்கு “இரண்டாம் பாதியில் பெண் ஏன் பேசாமல் இருக்கிறாள் என்று தெரியவில்லை, கதை நின்றுவிட்டது” என்று எழுதியிருந்தேன். என் மருமகள் கீழக்கரையில் காலேஜ் படிக்கிறாள். தாளைப் படித்துவிட்டு போன் பண்ணினாள். “மாமா, அந்தப் பொண்ணு எதுக்குப் பேசலன்னு உங்களுக்கு நிஜமாவே தெரியலையா? பேசினா போனப் பிடுங்கிருவாங்க. அதுக்கு முன்னாடி அவ அக்காவுக்கு அப்படித்தானே நடந்துச்சு, முதல் பாதில காட்டுறாங்களே.” மறுபடி யோசித்துப் பார்த்தேன். காட்டியிருந்தார்கள். நான் கவனிக்கவில்லை. படம் எட்டிலேயே இருந்தது, ஏனென்றால் கடைசி இருபது நிமிடம் அந்தப் பெண்ணைப் படமும் மறந்துவிட்டது. ஆனால் என் வரியை அடித்துவிட்டு மருமகள் சொன்னதை எழுதினேன். இப்போதெல்லாம் காதல் படம் என்றால் அவளிடம் கேட்காமல் தாள் போவதில்லை.

முதல் நாள் முதல் காட்சி பார்த்துவிட்டு எழுதலாமா?

பார்க்கலாம், எழுத வேண்டாம். அந்தச் சத்தத்தில் படம் பாதிதான் காதில் விழும். ஆட்டம் போடவும் விசிலடிக்கவும் போகிற இடம் அது, அதற்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது. ஹீரோ படத்தை நான் திங்கட்கிழமை மேட்னியில் இன்னொரு தடவை பார்த்த பிறகுதான் எழுதினேன்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா என்று ஒவ்வொரு படத்துக்கும் எழுதுகிறீர்களே, சான்றிதழில்தான் போட்டிருக்கிறதே?

போட்டிருக்கிறது, பலர் பார்ப்பதில்லை. யு என்றால் எல்லோரும். ஏ என்றால் 18 வயது ஆனவர்கள் மட்டும்; பிள்ளையோடு போனால் உள்ளே விடக் கூடாது. நடுவில் இருக்கும் யுஏ முன்பு ஒன்றே ஒன்றாக இருந்தது. 2024இல் வந்த புதிய விதிகளில் அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். யுஏ என்பது தடை இல்லை, பெற்றோருக்குச் சொல்லும் குறிப்பு. முடிவு எடுப்பது நாம்தான். அதனால் எதற்காக அந்த எண் என்று ஒரு வரி எழுதுகிறேன். ரத்தமா, பயமா, குடியா? கொலை விசாரணைப் படத்தில் சண்டை குறைவு, ஆனால் ஒரு பிள்ளை காணாமல் போகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு ரத்தத்தைவிட அது ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும்.

படம் எத்தனை மணிக்கு முடியும், அதற்குப் பிறகு பஸ் இருக்கிறதா என்பதையும் இதே வரியில் சேர்த்துவிடுகிறேன்.

செலவு?

டிக்கெட்டைவிடப் போகிற வரும் செலவும் தின்பண்டமும்தான் கூடுதல். 2025 செப்டம்பர் 22இலிருந்து 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. அதற்கு மேல் பழையபடி 18. குடும்பமாகப் போகிறவர்கள் இந்த 100 ரூபாய்க் கோட்டைப் பார்த்து டிக்கெட் எடுப்பது நல்லது.

நாலு வாரம் பொறுத்தால் போனிலேயே வந்துவிடுமே?

வரும். தமிழ்ப் படங்கள் பல நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. என் தாளில் நாலாம் இடத்துக்குக் கீழே உள்ளவற்றுக்கு “வீட்டிலேயே பார்க்கலாம்” என்று நானே எழுதுவேன். மாதக் கணக்காகப் போடுவதற்கும் அதுதான் காரணம். வருடக் கடைசியில் பட்டியல் போட்டு யாருக்கு என்ன பயன்? படம் தியேட்டரில் இருக்கும்போதே சொல்ல வேண்டும்.

ஆனால் மேலே உள்ள மூன்றைத் தியேட்டரில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் பெரிய திரை மட்டும் இல்லை. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து படம் பார்த்ததை என் அப்பா சொல்வார். பின்னால் இருக்கிறவர் மறைக்கிறது என்று கத்துவார், குவித்த மணலைக் கொஞ்சம் தட்டிவிட வேண்டும். படத்தின் கதையை மறந்துவிட்டார், அந்தக் கத்தலை மறக்கவில்லை. அந்த முகாம் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காராமல் போனில் பார்த்திருந்தால் கரை காட்சியில் நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

நானும் தொடங்கலாமென்று இருக்கிறேன். என்ன வேண்டும்?

நாற்பது பக்க நோட்டு ஒன்று, இரண்டு நிறப் பேனா. மாதம் இரண்டு படம் போதும். இரண்டு படம் இருந்தாலே எது மேல் என்ற கேள்வி வந்துவிடும்.

உங்கள் பட்டியலைப் பார்த்து யாராவது போயிருக்கிறார்களா?

ஓட்டுநர் அண்ணன் மே கடைசி வாரம் மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா எல்லோரையும் கூட்டிக்கொண்டு முதலிடத்துப் படத்துக்குப் போனார். மறுநாள் காலை கம்பெனிக்கே வந்துவிட்டார். நோட்டை எடுங்கள் என்றார். படம் நன்றாக இருந்தது, பிள்ளைகள் இரண்டு பேரும் அதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, “ஆனா நீங்க ஒண்ணு எழுதல” என்றார். அவர்கள் சீட் இருந்த இடத்துக்குப் பதினான்கு படி ஏற வேண்டியிருந்ததாம், கைப்பிடி இல்லை. உட்கார்ந்த பிறகு அம்மாவுக்குக் கால் தரையில் எட்டவில்லை. இடைவேளை வரை கால் தொங்கி மரத்துப்போய்விட்டது. இடைவேளையில் கீழே வரிசையில் இடம் கேட்டதும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், முதலிலேயே தெரிந்திருந்தால் கீழேயே எடுத்திருப்பேன் என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஜூன் தாளிலிருந்து தியேட்டர் வரியில் படி எத்தனை, கைப்பிடி உண்டா, எந்த வரிசையில் வயதானவர்கள் உட்காரலாம் என்பதும் இருக்கிறது.